ஷீட்டுக்குத் தண்ணீர் ஊற்றாதே

ஏப்ரல் 9, வியாழன்

வெயில். பத்தாவது பரீட்சை முடிந்துவிட்டது, ரிசல்ட் வரவில்லை. அதுவரை நான் புத்திசாலி.

இன்றைய சாதனைகள்: தண்ணீர் பிடித்தது. இட்லி மாவு வாங்கியது. பக்கத்து வீட்டு மேரி ஆன்ட்டியின் பூனைக்கு என் ஸ்கூல் டையைக் கட்டிவிட்டது. பூனைக்கு நன்றாகவே இருந்தது. ஆபீசர் களை.

மத்தியானம் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. எங்களுடையது ஷீட் வீடு. ஒரே அறை, மூலையில் அடுப்பு, தலைக்கு மேல் தகரம். அதாவது இரண்டு அடுப்பு. ஏரியாவின் பெயர் மர்பி டவுன். பன்னிரண்டு மணிக்கு மேல் பர்பி டவுன். தட்டில் ஊற்றியபடி கிடக்கிறோம், துண்டு போடுவதுதான் பாக்கி. ஃபேன் ஓடுகிறது. காற்று தருவதில்லை, மேலே இருக்கிற சூட்டைக் கீழே எல்லோருக்கும் சமமாகப் பங்கிடுகிறது. அம்மா தையல் மெஷினை வாசலுக்கு இழுத்துப்போட்டு, நிழல் நகர நகர அதையும் நகர்த்திக்கொண்டு பிளவுஸ் தைக்கிறாள்.

கூலர் வாங்கலாமே என்று கேட்டேன். கூலர் ஓடினால் இலவச யூனிட்டைத் தாண்டிவிடும், முழு பில்லும் தலையில் விழும் என்றாள். ஆகவே தலையில் வெயில் மட்டும்.

அப்பா எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு ஐ.டி. பார்க்கில் ஏ.சி. பிளான்ட் ஹெல்பர். ஊருக்கே குளிர் விடுகிறவர். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார், வீட்டுக்கு வந்ததும் பனியனையும் கழற்றுகிறார். இந்த வீட்டில் ஜலதோஷமும் வேர்க்குருவும் ஒரே ஆளுக்கு.

சாயங்காலச் செய்தி, மேரி ஆன்ட்டி உபயம்: அரசாங்கம் ஷீட் வீடுகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கிறதாம். கூரைக்கு மேலே வெள்ளைப் பெயின்ட். உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய தடுப்பு. பழைய ஃபேனைக் கொடுத்தால் கரன்ட் குறைவாகக் குடிக்கிற புது ஃபேன். நம் கையிலிருந்து ஒன்றும் போட வேண்டாம். வந்து பார்த்துவிட்டு வீட்டைச் சேர்ப்பார்களாம்.

அம்மா எனக்குத் தினமும் தருவது திட்டு, அரசாங்கம் தருவது திட்டம். அம்மாவுடையது உடனே வந்து சேரும்.

அம்மா கேட்டது ஒரே கேள்வி: "மே மாசத்துக்குள்ள ஆயிடுமா மேரி?"

ஏப்ரல் 10, வெள்ளி

மேற்படி வெயில்.

மே மாதம் ஏன் என்று எழுதிவைக்கிறேன். சங்கீதா அக்காவுக்குத் தலைப்பிரசவம், மே கடைசியில். அவளைக் கட்டிக்கொடுத்தது தங்கவயலில். வளைகாப்பு ஆனதும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். வளைகாப்பு ஆயிற்று. அக்கா வரவில்லை. அவளுடைய மாமியார் அனுப்பவில்லை. தங்கவயல் அத்தை, இனி த.அ.

த.அ. கெட்டவர் இல்லை. எங்கள் வீட்டைத் தப்பான நேரத்தில் பார்த்துவிட்டார், அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். யார் வீட்டுக்காவது ஆள் வருகிறார்கள் என்றால் காலையிலேயே ஷீட் மேல் கோணிப்பை பரப்பி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி ஊறவைப்பது. மேலே ஏறுவது நான், எடை குறைவு என்பதால். பெண் பார்க்க வந்தபோது ஊற்றினோம். நிச்சயத்துக்கு ஊற்றினோம். தலை தீபாவளிக்கு மழையே ஊற்றியது. ஆக த.அ. வந்த போதெல்லாம் இந்த வீடு ஊட்டி.

போன மாதம் சொல்லாமல் வந்துவிட்டார். மத்தியானம். உட்கார்ந்தார். முந்தானையால் விசிறினார். அம்மா கொடுத்த காபியைக் குடிக்கவில்லை. எழுந்தபோது சேர் ஈரமாக இருந்தது. வாசலில் நின்று சொன்னார்:

"தப்பா நெனச்சிக்காதீங்க சம்பந்தி. எங்க ஊட்டுக்காரரு சுரங்கத்துல ஆழத்துல எறங்கி வேல செஞ்சவரு. அங்க இருக்கற சூட்ட நீங்க மேல வச்சிக்கினு கீறீங்க. வாயும் வயிறுமா கீற புள்ளய இதுல எப்படி உடுவேன்?"

அம்மா தையல் மெஷினுக்குத் திரும்பினாள். அன்றைக்குத் தைத்த பிளவுஸில் இரண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வந்தது.

ஏப்ரல் 14, செவ்வாய்

தெரு முழுக்க நீலக்கொடி. ஊர்வலம், மேளம், மோர்ப் பந்தல். மோர் டம்ளரில் உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டு நாலு பேருக்குக் கொடுத்தேன். மூன்று பேர் இன்னொரு டம்ளர் கேட்டார்கள். தோல்வி.

ஊர்வலத்திலேயே அறிவிப்பு: சர்வே மேடம் வியாழக்கிழமை வருகிறார். என்ன பார்ப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் அம்மாவும் மேரி ஆன்ட்டியும் முடிவு செய்தது:

"குழு லோன்காரங்க இன்னா பண்ணாங்க? ஊடு நீட்டா இருந்தாத்தான் கையெழுத்து போட்டாங்க."

"ஆமா செல்வி. பொறுப்பா வச்சிருக்கறவங்களுக்குத்தான் குடுப்பாங்க. அலங்கோலமா இருந்தா, இவங்களுக்குக் குடுத்து இன்னா பிரயோஜனம்னு போயிடுவாங்க."

தெரு முழுக்க இதே முடிவு. நான்கூட யோசிக்கவில்லை. பதிவு செய்துகொள்கிறேன்.

ஏப்ரல் 16, வியாழன்

சர்வே தினம்.

விடிந்ததும் நான் ஷீட் மேல். கோணிப்பை விரித்தேன், அப்பா குடம் நீட்டினார், ஊற்றினேன். பக்கத்துக் கூரையில் மேரி ஆன்ட்டியின் பையன். அதற்கடுத்த கூரையிலும் ஆள். தெருவே கூரைமேல் நின்று நீராட்டு விழா நடத்தியது. மேரி ஆன்ட்டி பிரேசர் டவுனில் வேலை செய்யும் வீட்டிலிருந்து கூலர் கடன் வாங்கி வந்திருந்தார். முறை வைத்து வீடு வீடாக உருட்டிக்கொண்டு போனோம், மேடம் நுழையும் முன்னாலேயே அந்த வீட்டில் ஓடும்படி. சிவப்புக் கம்பளம் கேள்விப்பட்டிருக்கிறேன். இது பச்சைக் கூலர்.

மத்தியானம் மேடம் வந்தார். சின்ன வயசு, கன்னடக்காரர், தமிழ் தெரிகிறது. கையில் ஒரு பெட்டி, ஒரு துப்பாக்கி. கொரோனா சமயத்தில் நெற்றிக்கு நேராக நீட்டுவார்களே, அதேதான். கூரையைச் சுட்டார். பெட்டியை அறை நடுவில் வைத்தார். உட்கார்ந்தார். அம்மா இளநீர் கொடுத்தாள்.

"அய்யோ, பேடாம்மா."

"குடிங்க மேடம். வெயில்ல வந்துக்கினு கீறீங்க."

மேடம் குடித்தார். சுற்றிலும் பார்த்தார். "ஷீட் மனைன்னு சொன்னாங்க. உள்ளே ரொம்ப கூலா இருக்கே?"

அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அக்கா கல்யாணத்தில்கூட அப்படி இல்லை. "நாங்க நல்லாத்தான் மேடம் வச்சிருக்கோம்" என்றாள்.

அப்போது மேலேயிருந்து ஒரு சொட்டு மேடத்தின் பேப்பரில் விழுந்தது. மேடம் அண்ணாந்து பார்த்தார்.

"மளெ பந்தா?"

"ஆமா மேடம்" என்றாள் அம்மா, வெளியே காய்ந்துகொண்டிருந்த வானத்தைப் பார்க்காமல். "சின்னத் தூறல்."

தெருக்கோடி வீடு சேகர் அண்ணாவுடையது. தனி ஆள், ஒரு கம்பெனியில் நைட் செக்யூரிட்டி, பகலெல்லாம் தூக்கம். அவர் தண்ணீர் ஊற்றவில்லை. கூலரையும் வேண்டாம் என்றுவிட்டார். லுங்கியோடு கதவைத் திறந்தார், வியர்வையில் நீச்சல் அடித்துவிட்டு வந்தவர் மாதிரி. மேடம் உள்ளே போய் உடனே வெளியே வந்துவிட்டார். "இந்த ஆளால தெருவுக்கே கெட்ட பேரு" என்றாள் அம்மா.

ஏப்ரல் 20, திங்கள்

மெசேஜ் வந்தது. அப்பா போனில். நான்தான் படித்துச் சொன்னேன். வீட்டின் உள்வெப்பம் வரம்புக்குக் கீழ். தகுதி இல்லை.

தெரு முழுக்க அதே மெசேஜ். ஒரே ஒரு வீடு பாஸ். சேகர் அண்ணா. படிக்காமல் தூங்கியவன் ஸ்டேட் ஃபர்ஸ்ட்.

அவர்கள் பார்க்க வந்தது வீடு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதை இல்லை. எவ்வளவு வேகிறது என்பதை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து, கடன் வாங்கிய கூலர் வைத்து, ஜில்லென்று தோற்றிருக்கிறோம்.

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. அப்பாவும் கொஞ்சம் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள். கோர்த்தாள், உருவினாள், மறுபடி கோர்த்தாள்.

"சங்கீதாவுக்கு இன்னா சொல்றது?" என்றாள். யாரையும் கேட்கவில்லை.

மானம், மானியம். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். பேச்சுவார்த்தை கிடையாது.

ஏப்ரல் 22, புதன்

அம்மா, மேரி ஆன்ட்டி, நான். வார்டு ஆபீஸ். அங்கே ஏ.சி. இருக்கிறது. கிளார்க் சால்வை போர்த்தியிருந்தார். நாங்கள் வெளி பெஞ்சில்.

சர்வே மேடம் வந்தார். அம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தேன். சுற்றி வளைக்கவில்லை.

"மேடம், அன்னிக்கு மழ பெய்யல."

"தெரியும்மா."

"நாங்க தண்ணி ஊத்தினோம்."

"அதுவும் தெரியும். கூலர் ஒவ்வொரு வீட்லயும் ஒரே கூலர். ஒரே ஸ்டிக்கர்." மேடம் நெற்றியைத் தேய்த்தார். "ஏன்ம்மா இப்படி? சூடா இருந்தா சூடுன்னு விட வேண்டியதுதானே? நான் வந்தது அதுக்குத்தானே?"

"வீட்டுக்கு வர்றவங்கள எப்படி மேடம் வேக வைக்கிறது?"

மேடம் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். பிறகு சொன்னார்: தெருவுக்கு மறு அளவு எழுதிப் போடுகிறேன். ஆனால் எந்த நாள் என்று சொல்ல மாட்டேன். அடுத்த வாரம், மத்தியானம், ஏதோ ஒரு நாள். அன்றைக்கு ஒரு சொட்டு விழுந்தாலும் பேப்பரை மூடிவிடுவேன்.

திரும்பி வரும் வழியில் நான் ஒரு யோசனை சொன்னேன். அந்த வாரம் முழுக்க மத்தியானத்தில் அடுப்பில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கட்டும், ஆவி ஏறட்டும், டபுள் பாஸ்.

"ஏன்டி, உள்ளது போதாதா? அதுல வேற பொய்யா?" என்றாள் அம்மா. பொய் மழை பெய்ய வைத்தவள்.

ஏப்ரல் 28, செவ்வாய்

தண்ணீர் ஊற்றாத வாரம். கோணிப்பைகள் மூலையில் சுருட்டிக் கிடக்கின்றன. தெருவில் யார் வீட்டுக்கும் விருந்தாளி வரக் கூடாது என்று எழுதாத சட்டம். மேரி ஆன்ட்டி தன் தம்பியைப் போனிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்: "இப்ப வராதடா, கவர்மென்ட் வருது."

அம்மா நேற்றும் இன்றும் மத்தியானம் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள், மேடம் வந்தால் ஆள் இருக்க வேண்டுமே என்று. கழுத்தில் ஈரத் துண்டு. பிளவுஸ் துணியில் வியர்வை பட்டுக் கறை ஆகிவிடும் என்று தைக்கவும் இல்லை. சும்மா. அம்மா சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

மேடம் குரலில் வெளியேயிருந்து "யாரம்மா மனைலி?" என்று கூப்பிடலாமா என்று நினைத்தேன். நன்றாக வரும், பழகி வைத்திருக்கிறேன். கூப்பிடவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 30, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக.

பதினொன்றரைக்கு ஆட்டோ. இறங்கியது அக்கா. வயிறு முன்னால், அவள் பின்னால். அதற்குப் பின்னால் த.அ. செக்கப்புக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தார்களாம், பார்த்துவிட்டுப் போகலாம் என்று. சொல்லாமல் வருவதில் த.அ. ஸ்பெஷலிஸ்ட்.

அம்மா அக்காவைப் பார்த்தாள். ஷீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. இதுவரை மேடம் வரவில்லை, இன்றைக்கும் வராமல் போகலாம். ஆனால் அக்கா வந்துவிட்டாள்.

"கௌதமி, கோணிய எடு."

"அம்மா, இன்னிக்கு மேடம் வந்தா?"

"எடுடின்னா."

எடுத்தேன். குடமும் எடுத்தேன். ஏணியில் பாதி ஏறிவிட்டேன். உள்ளே அக்கா சேரில் உட்கார்ந்து, இரண்டு கையையும் பின்னால் ஊன்றிக்கொண்டு, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக என் கால் தெரிந்திருக்க வேண்டும்.

"எங்க ஏறுறா அவ?"

அம்மா சொன்னாள். திட்டம், மறு அளவு, சொட்டு, எல்லாம். த.அ. முன்னாலேயே. வெட்கமாகத்தான் சொன்னாள், ஆனால் சொன்னாள்.

அக்கா கேட்டுவிட்டு, "ஊத்தாத மா" என்றாள்.

"உன் மூஞ்சி செவந்து போச்சேடி."

"போவட்டும். நான் இங்கதான வளந்தேன். கௌதமி, எறங்குடி கொரங்கே."

இறங்கினேன்.

அம்மா த.அ.வைப் பார்த்தாள். இந்த வீட்டில் அந்தம்மாவுக்கு ஒரு சொட்டுக் குளிர்ச்சி தர முடியாமல் இரண்டாம் முறை நிற்கிறாள். த.அ. செருப்பைக் கழற்றினார். அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பையிலிருந்து செக்கப் பேப்பரை எடுத்து அக்காவுக்கு விசிற ஆரம்பித்தார்.

"வரட்டும்" என்றார். "நானும் பாக்கறேன்."

உட்கார்ந்திருந்தோம். ஷீட் அவ்வப்போது டிக், டிக் என்று விரிந்துகொண்டிருந்தது. என் கணுக்கால்வரை வியர்வை.

வந்தார். மேடம் வாசலில் நின்று துப்பாக்கியை எடுத்தார். அம்மாவின் கை தானாக இளநீருக்குப் போனது. வாங்கி வைக்கவில்லை, எனவே காற்றைப் பிடித்தது.

மேடம் கூரையைச் சுட்டார். பார்த்தார். மறுபடி சுட்டார். பெட்டியை நடுவில் வைத்தார். பெட்டி அதன் நேரத்தை எடுத்துக்கொண்டது. மேடத்தின் குர்தா முதுகோடு ஒட்டியது.

த.அ.வுக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னா மேடம், அந்தப் பொட்டிய பாத்துக்கினு கீற? எம் மருமவ மூஞ்சிய பாரு. அதுல தெரியல?"

மேடம் பார்த்தார். அக்கா வேண்டுமென்றே சிரித்தாள். அவள் எப்போதும் அப்படித்தான்.

"இதுல வர்றதைத்தான் எழுதணும் ம்மா" என்றார் மேடம் மெதுவாக. "முகத்தை எழுத ஃபார்ம்ல கட்டம் இல்ல." எழுதினார். காட்டவில்லை. ஆனால் போகும்போது அம்மாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

த.அ. அக்காவை அழைத்துக்கொண்டு கிளம்பினார். "ஊடு ரெடி ஆவட்டும் சம்பந்தி. ஆனா நானே கொண்ணாந்து உடறேன்."

ஆட்டோ போன பிறகு அம்மா கோணியை நனைத்துத் தானே தலையில் போட்டுக்கொண்டாள். பார்க்கப் பயமாக இருந்தது. நான் போட்டோ எடுத்தேன்.

மே 8, வெள்ளி

ரிசல்ட் வந்தது. பாஸ். கணக்கில் விளிம்பு.

இன்னொரு ரிசல்ட்டும். தெரு முழுக்க பாஸ். தகுதி உண்டு. அம்மா மெசேஜை என்னை மூன்று முறை படிக்கச் சொன்னாள். மூன்றாம் முறைதான் கீழே இருந்த வரியைப் படித்தேன்: இரண்டாம் கட்டம். எப்போது என்று போட்டிருக்கவில்லை. அப்பா போன் செய்து கேட்டார். மாதக் கடைசி, அல்லது மழைக்கு அப்புறம்.

முதல் கட்டம் சேகர் அண்ணாவுக்கு நேற்றே முடிந்துவிட்டது. கூரை வெள்ளை, உள்ளே வெள்ளி, ஃபேனுக்கு ரிமோட். மத்தியானம் போய் நின்று பார்த்தோம். ஐஸ்கிரீம் கடை இல்லை. ஆனால் ஆள் உட்காரலாம். தூங்கலாம். அம்மா சுவரைத் தொட்டுப் பார்த்தாள். தடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். சேகர் அண்ணா படுத்தபடியே, "அக்கா, கதவ சாத்திட்டுப் போங்க, குளிரு போயிடும்" என்றார்.

பொறாமையில் ஒரு காரியம் செய்தேன். அட்டையில் பெரிதாக எழுதி அவர் கதவில் ஒட்டினேன்: "ஏ.சி. ரூம் வாடகைக்கு. உள்ளே விசாரிக்கவும்."

மே 10, ஞாயிறு

அட்டை வேலை செய்துவிட்டது. நினைத்ததைவிட அதிகமாக.

முதுகில் பையோடு ஒரு பையன், பி.ஜி. தேடி அலைகிறவன், மத்தியானம் சேகர் அண்ணா கதவைத் தட்டியிருக்கிறான். "ஏ.சி.க்கு தனி சார்ஜா சார்?" அப்போதுதான் தூங்கியிருந்தவர். கத்திய கத்தலில் தெருவே வெளியே வந்தது.

"எவடா எழுதினது? கையெழுத்த பாத்தாலே தெரியுது! கௌதமீ!"

ஓடினேன். அம்மா காதைப் பிடித்தாள். அட்டையைப் பிடுங்கினாள். கிழிக்கப் போனவள் கிழிக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் காதும் கையில் இருப்பதை மறந்துவிட்டாள்.

சாயங்காலம் மீன் குழம்புக் கிண்ணத்தோடு சேகர் அண்ணா வீட்டுக்குப் போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு. மன்னிப்புக் கேட்கத்தான் என்று நினைத்தேன்.

"சேகரு, உன் வீட்டக் குடுப்பா."

"இன்னாக்கா?"

"சங்கீதாவுக்கு. புள்ள பொறந்து எங்க ஷீட்டு வேல முடியற வரிக்கும்."

"அப்ப நானு?"

"நீ எங்க வீட்ல."

"அக்கா, நான் பகல்ல தூங்கறவன். உங்க வீட்ல பகல்ல முட்டைய வெளிய வச்சாலே வெந்துடும்."

"நான் கோணி போட்டு நாளெல்லாம் தண்ணி ஊத்தறேன். இனிமே எவன் வந்து அளக்கப் போறான்? மூணு வேள சோறும் போடறேன்."

சேகர் அண்ணா குழம்பைப் பார்த்தார். தன் கூரையைப் பார்த்தார். நாலே நாள் தூங்கியிருக்கிறார் அதற்குக் கீழே. எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

"ஃபேனு மூணுல வச்சிருக்கேன்" என்றார். "ரிமோட்ட இவ கையில குடுக்கக் கூடாது."

பிறகு த.அ.வுக்குப் போன். ஸ்பீக்கரில்.

"அது யாரு ஊடு சம்பந்தி?"

"எங்க வீடுதான். கதவு மட்டும் வேற."

அந்தப் பக்கம் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்கள். "புதன்கெழம நல்ல நாளு" என்றார் த.அ. "கொண்ணாரேன்."

மே 13, புதன்

அக்கா வந்தாள். மூட்டை, பாய், ஊறுகாய் பாட்டில். அம்மா தையல் மெஷினையும் அங்கேயே கொண்டுபோய்விட்டாள். மத்தியானம், வீட்டுக்குள், நேராக உட்கார்ந்து தைக்கிறாள். பக்கத்தில் அக்கா குறட்டை.

நான் இரண்டு வீட்டுக்கும் நடுவில் போக்குவரத்து. இங்கே சேகர் அண்ணாவுக்குக் கூரையில் தண்ணீர். அங்கே அக்காவுக்கு எலுமிச்சை ஜூஸ். ஒருமுறை மாற்றிவிட்டேன். சேகர் அண்ணா ஜூஸை மறுக்கவில்லை.

மே 25, திங்கள்

பெண். காலையில், பெரிய ஆஸ்பத்திரியில். அக்கா நன்றாக இருக்கிறாள். பாப்பா எங்கள் அப்பாவைப் போலவே தும்மினாள்.

அம்மா அழுதாள். த.அ. அழுதார். நான் அழவில்லை, மூக்கு ஒழுகியது.

மே 29, வெள்ளி

மேகம். காற்றில் மண் வாசனை, இன்னும் பெய்யவில்லை. அக்காவும் பாப்பாவும் நேற்று சேகர் அண்ணா வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

காலையில் ஆட்கள் வந்தார்கள். இரண்டாம் கட்டம். மேஸ்திரி, மூன்று பேர், ட்ரில், வெள்ளித் தடுப்பு. பக்கத்து வீடுகளை நேற்றே முடித்துவிட்டார்கள், எங்களுடையதுதான் கடைசி. சாமான் எல்லாம் தெருவில். சேகர் அண்ணா மேரி ஆன்ட்டி வீட்டுக்குத் தலையணையோடு குடிபெயர்ந்தார்.

பாப்பா இரவெல்லாம் கத்தியிருக்கிறாள். காலையிலும் கத்தினாள். ஒருவழியாகத் தூங்கினாள். அக்காவும் கண்ணை மூடினாள். அந்த நிமிஷத்தில் மேஸ்திரி எங்கள் சுவரில் ட்ரில்லை வைத்தார். தெரு முழுக்க ட்ர்ர்ர்.

அம்மா ஓடினாள். "நிறுத்துங்க! நிறுத்துங்கப்பா! கொழந்த இப்பத்தான் தூங்குது!"

"அக்கா, மேல பாருங்க." மேஸ்திரி வானத்தைக் காட்டினார். "மழ வந்துச்சுன்னா பெயின்ட்டு நிக்காது. இன்னிக்கு முடிக்கலன்னா அடுத்த லிஸ்ட்டுதான். எப்பன்னு நான் சொல்ல முடியாது."

"கொஞ்ச நேரம்பா. பச்ச ஒடம்பு. ராவெல்லாம் முழிச்சிருக்கா எம் பொண்ணு."

ட்ரில் நின்றது. ஆட்கள் சுவரோரம் உட்கார்ந்தார்கள். அம்மா அவர்களுக்கு மோர் கொடுத்தாள். த.அ. பிஸ்கட் கொடுத்தார். எல்லோரும் மெதுவாகக் குடித்தார்கள். மேகம் எங்கள் பக்கமாக நகர்ந்தது. மேஸ்திரி வாட்சைப் பார்த்தார். இன்னொரு டம்ளர். ட்ரில் ஆள் வயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

அம்மா வாசலிலேயே நின்றாள். வயரைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், தெருக்கோடிக் கதவைப் பார்த்தாள். எழுப்பச் சொல்ல வாய் வரவில்லை. போகச் சொல்லவும் வரவில்லை.

நான் சேகர் அண்ணா வீட்டுக்குள் போனேன். வெள்ளிக் கூரை, ஃபேன் மூன்றில். பாப்பா தொட்டிலில், இரண்டு முஷ்டியும் மேலே. துணியை விலக்கி உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டினேன்.

இவ்வளவு சின்ன உடம்புக்குள் அவ்வளவு பெரிய சத்தம் எங்கே இருந்தது.

வெளியே அம்மா கத்துவது கேட்டது: "எழுந்துட்டா! எழுந்துட்டாப்பா! அடிங்க, அடிங்க!"

ட்ர்ர்ர்.

அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.